அல்சூரில் ஒரு ஸ்பீக்கர் ஜோடி: மெலிந்து ஒலித்த குரலைத் தேடிய கதை

பின்னணி

பெங்களூரு அல்சூரில், ஏரிக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு வீடு. வீட்டுக்காரருக்கு 63 வயது. தொழிற்சாலை ஒன்றின் டூல் ரூமில் (கருவிகளும் அச்சுகளும் செய்யும் பிரிவு) 30 வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கர்நாடக சங்கீதம் என்றால் உயிர். பழைய கச்சேரிப் பதிவுகளை வருடக்கணக்கில் சேர்த்து வைத்திருக்கிறார். அவரிடம் இருந்த பழைய ஸ்பீக்கர்களில் கூம்பைச் சுற்றியுள்ள நுரை வளையம் பொடிப்பொடியாக உதிர்ந்துவிட்டது. அப்போதுதான், புதிதாக வாங்குவதை விடத் தானே ஒரு ஜோடி செய்துவிடலாம் என்று இறங்கினார்.

கூடவே நின்றவர் அவருடைய தங்கை மகன். கணினி வேலை, சனி ஞாயிறுதான் ஓய்வு. நான் அந்த மருமகனின் நண்பன். அளவீட்டு மைக் ஒன்று என்னிடம் இருந்ததால் பாதியில் இந்த வேலைக்குள் வந்தேன். இங்கே அவர்களைப் பெரியவர், மருமகன் என்றே எழுதுகிறேன்.

இந்த வேலையில் முக்கால்வாசி படிகள் ஒழுங்காகவே நடந்தன. பெட்டிக் கணக்கு சரி, மரவேலை நன்றாக இருந்தது, வாங்கிய பாகங்களிலும் குறை இல்லை. இருந்தும் முதல் நாள் வந்த ஒலி பிடிக்கவில்லை. குறை எங்கே நுழைந்தது, எப்படித் தெரிந்தது, என்ன செய்தோம் என்பதை இதே வேலையில் இறங்குகிறவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

பெட்டிக் கணக்கு

ஒவ்வொரு பெட்டியிலும் தாழ்ந்த ஒலிக்கு ஆறரை அங்குல வூஃபர் ஒன்று, உயர்ந்த ஒலிக்கு ஒரு அங்குலத் துணிக்குமிழ் ட்வீட்டர் ஒன்று. இரண்டுமே 8 ஓம் என்று விற்கப்பட்டவை. தயாரிப்பாளர் தாளில் இருப்பதை அப்படியே நம்பாமல், ஒரு ரெசிஸ்டரையும் கணினியின் சவுண்டு கார்டையும் வைத்து வூஃபரின் குணங்களை மருமகன் தானே அளந்தார். இது நல்ல முடிவு. ஒத்ததிர்வு 42 ஹெர்ட்ஸ், கியூ (அந்த அதிர்வு எவ்வளவு அடக்கமாக இருக்கிறது என்பதன் அளவு) 0.39, காற்றுக்கு இணையான கொள்ளளவு 28 லிட்டர் என்று வந்தது. இந்த மூன்று எண்களும் கையில் இருந்தால் பெட்டியை முன்கூட்டியே கணக்குப் போட்டுவிடலாம். ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961-இல் வெளியிட்ட கட்டுரையும், அதைத் தொடர்ந்து ரிச்சர்ட் ஸ்மால் 1970-களின் தொடக்கத்தில் எழுதியவையும்தான் இதற்கு அடிப்படை. அதற்கு முன் பெட்டி அளவு என்பது பெரும்பாலும் செய்து பார்த்துத் திருத்துவதாகவே இருந்தது.

கணக்கில் 25 லிட்டர் பெட்டி, 43 ஹெர்ட்ஸுக்குச் சுருதி சேர்த்த காற்றுக்குழாய் என்று வந்தது. குழாய்க்கு 58 மி.மீ. உள்விட்டமுள்ள பி.வி.சி. பைப், நீளம் 13 செ.மீ. வூஃபரின் பின்பக்கம், குறுக்குச் சட்டம், குழாய் எல்லாம் அடைக்கிற இடத்துக்கு 2 லிட்டர் சேர்த்து உள் அளவை 27 லிட்டராக வைத்தார்கள். வெளி அளவு: அகலம் 22, உயரம் 45.6, ஆழம் 38.6 செ.மீ. இந்த 22 செ.மீ. அகலம் பின்னால் முக்கியமாகப் போகிறது.

மரவேலை

மைசூர் ரோடு பக்கம் டிம்பர் யார்டு லேஅவுட்டில் 18 மி.மீ. நீர் தாங்கும் பிளைவுட் ஒரு ஷீட் எடுத்தார்கள். முன்பலகைக்கு மட்டும் எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை). மொத்தப் பெட்டியையும் எம்.டி.எஃப்-இல் செய்யலாம் என்பது மருமகனின் எண்ணம். கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே வேலை செய்யும் ஆசாரி ஒத்துக்கொள்ளவில்லை. "எம்.டி.எஃப்-ல ஸ்க்ரூவை ரெண்டு தடவை கழட்டி மாட்டினா அப்புறம் பிடிக்காது சார். மழைக்காலத்துல ஓரம் ஊதும்" என்றார். இரண்டும் உண்மை. ஆனால் வட்டப் பள்ளம் எடுக்கும்போது பிளைவுட்டின் விளிம்பு சிம்பு சிம்பாகப் பெயரும், எம்.டி.எஃப். சுத்தமாக வெட்டுப்படும். அதனால்தான் முன்பலகை மட்டும் வேறு. அதில் ஸ்க்ரூ பிடிக்காமல் போகும் பிரச்சினைக்கு, பின்பக்கமாக டீ-நட் அடித்து போல்ட் போட்டு மாட்டினார்கள்.

முதல் முன்பலகை வீணானது. வூஃபரின் விளிம்பு பலகையோடு சமமாக உட்கார 5 மி.மீ. ஆழத்துக்கு ஒரு வட்டப் பள்ளம் வேண்டும், அதன் உள்ளே முழுத் துளை வேண்டும். ஆசாரி பழக்கப்படி துளையை முதலில் வெட்டிவிட்டார். வட்டு கழன்று கீழே விழுந்தது. அதோடு, காம்பஸின் ஆணி நின்ற மையப்புள்ளியும் போய்விட்டது. பள்ளம் எடுக்க ரூட்டருக்கு (மரம் குடையும் மின்கருவி) ஊன்றிக்கொள்ள இடமில்லை. பெரியவர் அந்த வட்டைக் கையில் எடுத்து, நடுவில் இருந்த ஆணித்துளையை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே நின்றார். டூல் ரூம்காரர் அல்லவா, சொல்லாமலே புரிந்துவிட்டது. அதன்பின் எல்லா வட்டங்களுக்கும் பள்ளம் முதலில், துளை பின்னால். நல்லவேளை, பலகை மிச்சம் இருந்தது.

மற்றபடி மரவேலை சுருக்கமாகச் சொல்லக்கூடியதுதான். மூட்டுகளுக்கு ஃபெவிகால், இரவு முழுக்கக் கிளாம்ப், நடுவில் ஒரு குறுக்குச் சட்டம். உள்ளே அடைக்க பாலியெஸ்டர் தலையணைப் பஞ்சு. இலவம்பஞ்சு வீட்டிலேயே இருந்தது. ஆனால் அது நாளடைவில் கீழே படிந்துவிடும், பூச்சியும் வரும் என்று பெரியவரின் மனைவி சொன்னதால் அதைத் தொடவில்லை.

முதல் கிராஸ்ஓவர்

தாழ்ந்த ஒலியை வூஃபருக்கும் உயர்ந்த ஒலியை ட்வீட்டருக்கும் பிரித்து அனுப்பும் சுற்று இது. ஹியூலெட்-பேக்கர்டில் இருந்த சீக்ஃப்ரீட் லிங்க்விட்ஸ் 1976-இல் எழுதியதும், அவருடைய சக பொறியாளர் ரஸ் ரைலியின் பெயரையும் சேர்த்து வழங்கப்படுவதுமான வடிகட்டி வகையை மருமகன் எடுத்துக்கொண்டார். 2500 ஹெர்ட்ஸ், 8 ஓம், இரண்டாம் படி (படி கூடக் கூட ஒலி செங்குத்தாக வெட்டுப்படும்) என்று சூத்திரத்தில் போட்டால் காயில் (கம்பிச்சுருள்) 1.02 மில்லிஹென்ரி, கண்டென்சர் 3.98 மைக்ரோஃபாரட். மின்னணுப் பாகங்கள் விற்கும் எஸ்.பி. ரோட்டில் 4 மைக்ரோஃபாரடைச் சேர்த்தெடுத்தார்கள். காயிலை அங்கேயே ஒரு கடையில் சுற்றி வாங்கினார்கள். தாளின்படி ட்வீட்டர் 91 டெசிபெல், வூஃபர் 87. அந்த 4 டெசிபெல்லைக் குறைக்க ட்வீட்டருக்கு முன்னால் 3 ஓம், 15 ஓம் என்று இரண்டு ரெசிஸ்டர்கள்.

காகிதத்தில் இதில் ஒரு தப்பும் இல்லை. சோல்டரிங்கும் பெரியவருடைய கைவேலை, பார்க்கவே அழகாக இருந்தது.

முதல் ஒலிப்பு

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மாட்டினார்கள். பெரியவர் முதலில் போட்டது ஒரு ஆண் குரல், 1 கட்டை சுருதி. ஐந்து நிமிடம் பேசாமல் கேட்டார். அப்புறம் மருமகனிடம், "ஏம்ப்பா, வித்வானுக்கு ஜலதோஷமா?" என்று கேட்டார். மருமகன் என்னைக் கூப்பிட்டது அன்று மாலைதான்.

நான் போய்க் கேட்டபோது குறித்துக்கொண்டவை மூன்று. குரலுக்கு நெஞ்சு இல்லை, மூக்கும் தொண்டையும்தான் கேட்டன. மிருதங்கத்தில் வலந்தலையின் (வலது பக்கம்) சொல் தெளிவாக இருந்தது, ஆனால் தொப்பியின் (இடது பக்கம்) ஆழ்ந்த கும்காரம் இடது ஸ்பீக்கரில் ஒரு மாதிரியும் வலதில் வேறு மாதிரியும் வந்தது. மூன்றாவது, சுவரை ஒட்டிய நாற்காலியில் உட்கார்ந்தால் தாழ்ந்த ஒரு குறிப்பிட்ட ஒலி மட்டும் அறை முழுக்க உருண்டது.

மூன்றுக்கும் காரணம் ஒன்றாக இருக்க முடியாது என்று எடுத்துக்கொண்டு தனித்தனியாகப் பார்க்க முடிவு செய்தோம். மருமகன் உடனே கண்டென்சரை உயர்ந்த வகைக்கு மாற்றிப் பார்க்கலாம் என்றார். அதை நிறுத்தி வைத்தேன். காரணம் தெரியாமல் பாகத்தை மாற்றினால், ஒருவேளை சரியாகிவிட்டாலும் எதனால் ஆனது என்று தெரியாது.

இடது, வலது வேறுபாடு

எளிதான இதை முதலில் எடுத்தோம். காற்றுக்குழாய் வைத்த பெட்டியில் வூஃபரின் மின்தடையை அலைவெண் வாரியாக வரைந்தால் இரண்டு மேடு, நடுவில் ஒரு பள்ளம் வரும். அந்தப் பள்ளம் இருக்குமிடம்தான் பெட்டியின் சுருதி. வலது பெட்டியில் பள்ளம் 43 ஹெர்ட்ஸில், கணக்கிட்டபடியே. இடதில் 46-க்குத் தள்ளிப்போயிருந்தது, மேடுகளும் குட்டையாக இருந்தன. எங்கோ காற்று கசிகிறது என்பதற்கு இது அடையாளம்.

எங்கே என்று கண்டுபிடிக்கப் பூஜை அறையிலிருந்து ஒரு ஊதுபத்தி வந்தது. குழாயின் வாயைத் துணியால் அடைத்துவிட்டு 30 ஹெர்ட்ஸை மெதுவாக ஓடவிட்டோம். மின்விசிறியை நிறுத்தியாயிற்று. பெரியவர் ஊதுபத்தியை மூட்டு மூட்டாக நகர்த்திக்கொண்டு வந்தார். புகை நேராக நூல் போல ஏறிக்கொண்டே இருந்தது. பின்பக்கம் வயர் மாட்டும் தட்டின் கீழ் மூலைக்கு வந்ததும் நூல் அறுந்து படபடவென்று துடித்தது. தட்டுக்கு அடியில் ரப்பர் வாஷர் போடாமல் விட்டிருந்தார்கள். நுரை நாடாவை ஒட்டி இறுக்கியதும் 43-க்கு வந்துவிட்டது. மொத்தம் அரை மணி நேர வேலை.

மொட்டை மாடியில் அளந்தது

குரல் பிரச்சினை அப்படி இல்லை. அதற்கு ஸ்பீக்கரின் ஒலியை, அறையின் எதிரொலி கலக்காமல் அளக்க வேண்டும். ஹாலில் தரையிலும் கூரையிலும் பட்டுத் திரும்பும் ஒலி நான்கு மில்லிநொடிக்குள் மைக்குக்கு வந்துவிடுகிறது. அதனால் 250 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒன்றும் நம்பிப் படிக்க முடியாது. நமக்கு வேண்டிய இடமோ அதைச் சுற்றித்தான்.

மொட்டை மாடிக்கு எடுத்துப்போனோம். மேஜை மேல் ஸ்டூல், அதன் மேல் ஸ்பீக்கர், தரையிலிருந்து 1.8 மீட்டர் உயரம். மைக் ஒரு மீட்டர் தள்ளி. இப்போது தரையின் எதிரொலி 8 மில்லிநொடி கழித்துத்தான் வரும். ஆக, சுமார் 125 ஹெர்ட்ஸுக்கு மேல் நம்பலாம். அதற்குக் கீழே, கூம்புக்குப் பக்கத்திலேயே மைக்கை வைத்து அளக்கும் முறை. டான் கீல் 1974-இல் விளக்கியது. காலை ஐந்தரைக்கு ஆரம்பித்தோம். ஆறேகாலுக்கு மேல் கீழே ஆட்டோக்கள் விடவில்லை. ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருள்தான், வேறு செலவில்லை.

கோட்டைப் பார்த்ததும் பெரியவர் சொன்ன ஜலதோஷம் கண்ணில் தெரிந்தது. 800 முதல் 2000 ஹெர்ட்ஸ் வரை ஒரு மேடு. 500-க்குக் கீழே சரிவு, 200-ஐத் தொடும்போது மேட்டை விட 5 டெசிபெல் தாழ்வு. 3000-க்குப் பக்கத்தில் 9 டெசிபெல் ஆழத்துக்கு ஒரு குழி. ட்வீட்டர் பகுதி மொத்தமும் கொஞ்சம் தூக்கல்.

ஏன் அப்படி

சரிவுக்குக் காரணம் அந்த 22 செ.மீ. முன்பலகை. அலைநீளம் பலகையை விடச் சிறியதாக இருக்கும் உயர்ந்த ஒலிகள் பலகையில் தாங்கி முன்பக்கமாகவே போகும். தாழ்ந்த ஒலிகள் பெட்டியைச் சுற்றிப் பின்பக்கமும் பரவும். திறந்த வெளியில் இந்த இழப்பு 6 டெசிபெல் வரை போகும். 115-ஐ அகலத்தால் (மீட்டரில்) வகுத்தால் இந்த மாற்றத்தின் நடுப்புள்ளி கிடைக்கும். இங்கே சுமார் 520 ஹெர்ட்ஸ். பெட்டியின் வடிவம் ஒலியை எப்படி மாற்றுகிறது என்று 1950-களின் தொடக்கத்திலேயே ஹாரி ஓல்சன் அளந்து காட்டிவிட்டார்.

இது பேஸ் பற்றிய விஷயம் என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். 1 கட்டையில் பாடும் ஆண் குரலின் ஆதார சட்ஜம் சுமார் 131 ஹெர்ட்ஸ், மந்தர பஞ்சமம் 98. சட்ஜத்தின் அடுத்த இரண்டு மேல்சுரங்கள் 262, 393. எல்லாமே 520-க்குக் கீழேதான். குரலின் உடம்பு முழுக்க இழப்புப் பகுதியில் இருக்க, மூக்கொலி மட்டும் மேட்டில் நிற்கிறது. 5 கட்டையில் பாடும் பெண் குரலின் சட்ஜம் 196, அதுவும் தப்பவில்லை.

குழிக்குக் காரணம் சூத்திரம். அது வூஃபரை 8 ஓம் ரெசிஸ்டர் என்று நினைத்துக் கணக்குப் போடுகிறது. நிஜத்தில் உள்ளே இருப்பது ஒரு காயில். அலைவெண் கூடக் கூட அதன் தடை ஏறும். அளந்தபோது 2500-இல் 11 ஓம் இருந்தது. அதனால் வூஃபர் வெட்டுப்பட வேண்டிய இடத்தில் வெட்டுப்படாமல் 3000 தாண்டியும் பாடிக்கொண்டிருந்தது. ட்வீட்டரும் அங்கே பாடுகிறது. இந்த வகை வடிகட்டியில் ட்வீட்டரின் பிளஸ், மைனஸை மாற்றிக் கொடுக்க வேண்டும். மருமகன் அதைத் தப்பு என்று நினைத்துப் பிளஸுக்குப் பிளஸ் கொடுத்திருந்தார். இரண்டும் எதிரெதிராக இழுத்து ஒன்றையொன்று அழித்துக்கொண்டன.

எடுத்த முடிவுகள்

கிராஸ்ஓவரில் வூஃபருக்கான காயிலை 2.2 மில்லிஹென்ரியாகப் பெரிதாக்குவது. வூஃபரின் ஏறும் தடையைச் சமப்படுத்த 6.8 ஓம் ரெசிஸ்டரும் 12 மைக்ரோஃபாரட் கண்டென்சரும் தொடராகச் சேர்த்து அதற்கு இணையாகப் போடுவது. ட்வீட்டரை 4-க்குப் பதில் 7 டெசிபெல் குறைப்பது (4.7 ஓம், 6.8 ஓம்). ட்வீட்டர் வடிகட்டியை அளந்த கோட்டை வைத்து மறுபடி கணக்கிடுவது.

6 டெசிபெல் இழப்பையும் முழுசாக ஈடுகட்டவில்லை, சுமார் 4 மட்டும். ஸ்பீக்கர் நிற்கப்போவது சுவரிலிருந்து 45 செ.மீ. தூரத்தில், மீதியைச் சுவரே திருப்பிக் கொடுக்கும்.

பெரியவருக்கு இதில் மனத்தாங்கல் இருந்தது. இல்லாத அடி ஒலியைக் காயில் உண்டாக்கப்போவதில்லை, மேலே இருப்பதைக் குறைத்துத்தான் சமன் செய்யப்போகிறது. 87 டெசிபெல் ஸ்பீக்கர் 83 ஆகிவிடும். "இருக்கிற சத்தத்தை எதுக்குத் தம்பி குறைக்கணும்?" என்று என்னிடமே கேட்டார். நியாயமான கேள்வி. அவருடைய ஆம்பிளிஃபயர் 50 வாட், அறை சிறியது, தாங்கும். ஆனாலும் வாயால் சொல்லி ஒப்புக்கொள்ள வைப்பதை விடக் கேட்டு முடிவு செய்யட்டும் என்று நினைத்தோம்.

புதுச் சுற்றை ஒரு பலகையில் கட்டி, வயரைக் காற்றுக்குழாய் வழியாக உள்ளே விட்டு வலது பெட்டிக்கு மட்டும் கொடுத்தோம். இடதில் பழையது. இரண்டின் அளவும் அரை டெசிபெல்லுக்குள் சமமாக வரும்படி இரைச்சல் ஒலியை வைத்துச் சரிசெய்தோம். இதை விட்டுவிட்டால் சத்தம் அதிகமாக வருவதுதான் நன்றாக இருப்பதாகத் தோன்றும். எது எது என்று பெரியவருக்குச் சொல்லவில்லை. அதே பாட்டு, அதே அடி, மாற்றி மாற்றி. ஏழு தடவையில் ஏழு தடவையும் புதியதையே கை காட்டினார். சமையலறையில் இருந்த அவருடைய மனைவி மூன்றாவது தடவையே, "இப்பப் போட்டதையே வையுங்களேன், ஆள் உட்கார்ந்து பாடுற மாதிரி இருக்கு" என்று குரல் கொடுத்தார்.

காயில்களைப் பலகையில் வைக்கும்போது ஒன்றுக்கொன்று செங்குத்தாக, தள்ளித் தள்ளி வைத்தோம். பக்கத்தில் ஒரே திசையில் வைத்தால் ஒன்றின் காந்தப்புலம் மற்றதில் இறங்கும். முதல் சுற்றில் இரண்டும் அழகுக்காக ஜோடியாக நின்றிருந்தன.

அறை

மூன்றாவது குறை மிச்சம். ஹாலின் நீளம் 4.2 மீட்டர். ஒலியின் வேகம் நொடிக்கு சுமார் 343 மீட்டர் என்று வைத்தால், அந்த நீளத்தில் நின்று அதிரும் முதல் ஒலி 41 ஹெர்ட்ஸ். பெட்டியின் சுருதியோ 43. நாற்காலி பின்சுவரை ஒட்டி, அந்த அதிர்வு உச்சத்தில் இருக்கும் இடத்தில். அளந்தபோது 10 டெசிபெல் மேடு.

நாற்காலியை ஒரு மீட்டர் முன்னால் நகர்த்தியதில் 3 டெசிபெல் குறைந்தது. காற்றுக்குழாயை 17.5 செ.மீ. ஆக நீட்டிப் பெட்டியின் சுருதியை 38-க்கு இறக்கியதில் இன்னும் ஒன்று. மீதி 6 அப்படியே இருக்கிறது. ஹாலின் நடுவில் நாற்காலி நிரந்தரமாக நிற்க முடியாது, நடக்கிற வழி. பாட்டுக் கேட்கும்போது மட்டும் இழுத்துப் போட்டுக்கொள்வது என்று வீட்டில் பேசி முடிவானது.

விளைவு

கடைசி அளவீட்டில், மொட்டை மாடியிலேயே, 150 முதல் 10,000 ஹெர்ட்ஸ் வரை கோடு இரண்டரை டெசிபெல் ஏற்ற இறக்கத்துக்குள் வந்தது. இரண்டு ஒலியும் சந்திக்கும் இடம் 2200. ட்வீட்டரின் பிளஸ், மைனஸை வேண்டுமென்றே மாற்றிக் கொடுத்துப் பார்த்தோம். அந்த இடத்தில் ஆழமான குழி விழுந்தது. சரியாக மாட்டும்போது இரண்டும் கைகோத்துத்தான் பாடுகின்றன என்பதற்கு இதுவே சோதனை. கடைசியில் பிளஸுக்குப் பிளஸே சரியாக அமைந்தது. வடிகட்டியோடு ட்வீட்டரின் இயல்பான சரிவும் சேர்ந்து நான்காம் படியாகிவிட்டதுதான் காரணம்.

பெரியவர் அதே 1 கட்டைப் பதிவைப் போட்டார். தம்புரா முதலில் எழுந்தது. பிறகு குரல். அன்று முழுப் பல்லவியும் முடியும்வரை யாரும் எழுந்திருக்கவில்லை. தனி ஆவர்த்தனத்தில் தொப்பியின் மேல் கை தேய்ந்து எழும்பும் கும்காரம் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில், ஒரே இடத்தில் நின்றது. எனக்கு அதுதான் பெரிய திருப்தி.

இனிமேல் செய்தால்

கிராஸ்ஓவரைக் கடைசியில்தான் வாங்குவோம். வூஃபரையும் ட்வீட்டரையும் பெட்டியில் மாட்டி, அந்தப் பெட்டியிலேயே அளந்து, அப்புறம் கணக்கு. இங்கே பெட்டி வருவதற்கு முன்பே காயில் சுற்றிக் கையில் இருந்தது. முதல் சுற்றுக்கு ஆன செலவு அப்படியே இரண்டாவது முறையும் ஆனது.

நாற்காலி எங்கே போட முடியும் என்று முதலிலேயே கேட்டிருந்தால் பெட்டியின் சுருதியை ஆரம்பத்திலேயே 38-க்கு வைத்திருக்கலாம். வயர் தட்டுக்கு ரப்பர் வாஷர் என்பதை இனி வெட்டும் பட்டியலிலேயே எழுதுவோம். முன்பலகையைக் கழற்றும்படி செய்திருந்தால், கிராஸ்ஓவரை மாற்ற வூஃபர் துளை வழியாக முழங்கை வரை நுழைத்து வேலை செய்ய வேண்டி இருந்திருக்காது. பெரியவரின் முன்கையில் கீறல்கள் ஆற ஒரு வாரம் ஆனது. ஆசாரியிடம் வட்டங்களின் வரிசையைப் படமாக வரைந்து கொடுப்பதும் நல்லது. அவர் செய்தது அலமாரிக்கும் கதவுக்கும் சரியான பழக்கம்தான்.

பழைய 1 மில்லிஹென்ரி காயில்கள் இரண்டு ஜோடி ஒரு டப்பாவில் இருக்கின்றன. மருமகன் தன் வீட்டுக்குச் சின்னதாக ஒரு ஜோடி செய்ய எடுத்து வைத்திருக்கிறார். பெரியவர் இப்போது பெட்டிகளுக்குத் தேக்கு வெனீர் ஒட்டிக்கொண்டிருக்கிறார். வலது பெட்டி முடிந்தது. இடதுக்கு அடுத்த வாரம் ஆசாரி வருகிறார்.